திரும்பிப் பார்க்காதே என்றவளுக்கு

இன்று காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கடலை வண்டியிலிருந்து அவித்த மல்லாட்டை வாசனை வந்ததும் கால் நின்றுவிட்டது. ஒரு பை நிறைய வாங்கினேன். "கூட வர்ற டீச்சர் இன்னா, இன்னிக்கி வரல?" என்றார் விற்கிற அம்மா. ஊருக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லிவிட்டு நடந்தேன். காய்ச்சல் என்று படுத்தவள் ஒரே வாரத்தில் போய்விட்டாய் என்று நடுரோட்டில் நின்று சொல்ல என்னால் முடியாதடி.

கோட்டை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் நம் பள்ளிப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேசவிடலாம் என்று ஆரம்பித்தவள் நீதான். பேரென்ன, ஊரென்ன என்று யாரையும் மொய்க்கக் கூடாது. ஒரு கை மல்லாட்டை கொடுத்து, உரித்துத் தின்னச் சொல்லித்தர வேண்டும். பேச்சு தானாக வரும். பேசி முடிக்கும்வரை நாம் இருவரும் மரத்தடியில் அந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். யாராவது தப்பாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. "திரும்புன, கொன்னுடுவேன். நம்ம மூஞ்சியப் பாத்துதாண்டி அதுங்களுக்கு வாய் அடைக்குது" என்பாய். இங்கிலீஷ் டீச்சர் நானா, கணக்கு டீச்சரான நீயா என்று நமக்குள் எத்தனை சண்டை!

சிங்கவரத்து ரேவதியிடம் மட்டும் உன் பாச்சா பலிக்கவில்லை. வகுப்பில் பெயரைக் கூப்பிட்டாலே தலை கவிழ்கிறவள், வாராவாரம் மல்லாட்டையை நீட்டிவிட்டு ஓடி வந்துவிடுவாள். "ஒரு நாள் பேசுவா பாரு. அன்னிக்கி உனக்கு பிரியாணி வாங்கித் தரேன்" என்று சிரிப்பாய்.

நீ போனபின் இன்றுதான் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப் போனேன். மரத்தடியில் தனியாகத் திரும்பி நின்றேன். புதுச்சேரியிலிருந்து அடிக்கடி வருகிற அந்தப் பிரெஞ்சுக்கார அம்மா வந்திருந்தார். இன்னொரு டீச்சர் எங்கே என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டது காதில் விழுந்தது. நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அப்போது ரேவதியின் குரல் கேட்டது. ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, எங்கள் மிஸ் இறந்துவிட்டார் என்றாள். அந்த ஒரு வரியை நான் இன்றுவரை தமிழில்கூட யாரிடமும் சொல்லவில்லை. அந்த அம்மா ஏதோ கேட்டார். காய்ச்சல் என்றாள். ரொம்ப நல்ல மிஸ் என்றாள். பிறகு உன்னைப் பற்றித் தப்பும் தவறுமாகப் பேசிக்கொண்டே போனாள். அடிப் பாவி, இதைக் கேட்க நீ இல்லையேடி!

ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. என் முகத்தைப் பார்த்தால் நிறுத்திவிடுவாள். அவள் பேசி முடிக்கும்வரை நான் திரும்பவில்லை. மரத்தைப் பார்த்தே அழுதேன்.