ஆறரை மணிக்கு உன் குரல்

என் ராஜிக்கு, உயிரோடு இருந்தபோது என் பேச்சை ஒருநாளும் முழுதாகக் கேட்காதவளுக்கு, இதையாவது கடைசிவரை கேட்பாய் என்ற ஆசையில் எழுதுவது.

நீ போய் ஐந்து மாதமாகிறது. ஆனால் போன கிழமை வரைக்கும் மாலை ஆறரைக்கு எங்கள் தொலைக்காட்சியில் நீ பேசிக்கொண்டுதான் இருந்தாய். இப்போது பேசுவதில்லை. அதை நிறுத்தியது நான்தான். வேறு யாரும் வந்து உன்னிடம் கோள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

கொஞ்சம் பொறு. இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. நானும் இவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். பிறகு இவள் என் அண்ணனைக் கட்டி எனக்கு மச்சாளானாள். லண்டனுக்கு வந்த பிறகு, ரெய்னர்ஸ் லேனில் மரக்கறிக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடக்கிற தமிழ்த் தொலைக்காட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பகலில் இவள் பல் வைத்தியரிடம் வரவேற்பில், நான் சுப்பர்மார்க்கெட்டில் கல்லாவில். பின்னேரமானால் இரண்டு பேரும் சம்பளமில்லாத அறிவிப்பாளர்கள்.

என்ன பெரிய தொலைக்காட்சி என்று கேட்பவர்களுக்கு நீ சொல்கிற பதில் எனக்கு இன்னும் பாடம். வீட்டில் தனியே இருக்கிற வயதுபோன சனத்துக்கு, கவுன்சில் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் விளங்கப்படுத்துவது? நாளைக்குப் பனி கொட்டும், வெளியே போகாதையுங்கோ என்று யார் சொல்வது? எல்லாவற்றுக்கும் மேலே, யார் செத்தார் என்று யார் சொல்வது? ஊரிலும் கனடாவிலும் பாரிஸிலும் சிதறிக் கிடக்கிற உறவுகளுக்கு நாங்கள் வாசிக்கிற மரண அறிவித்தலில்தான் பாதிச் செய்தி போய்ச் சேரும்.

எங்கள் செலவைப் பார்த்ததும் அதுதான். சந்தா ஒருநாளும் காணாது. சந்தா கட்டின ஒரே கார்ட்டை மூன்று வீடு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற கெட்டித்தனம் எங்கள் சனத்துக்குத்தான் வரும். கடைக்காரர் விளம்பரத்துக்குக் காசு தராமல் அரிசி மூட்டை தருவார். ஒளிபரப்புகிற செய்மதிக்கு வாடகை கட்டியது மரண அறிவித்தல்களால்தான். எங்களை உயிரோடு வைத்திருப்பது செத்தவர்கள் என்று நீ பகிடி விடுவாய்.

மாலை ஆறரைக்கு வருகிற ஒவ்வொரு அறிவித்தலுக்கும் முன்னால் ஒரு விளக்கின் படமும் உன் குரலும் வரும். "உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் ஆழ்ந்த துயருடன் அறியத் தருகிறோம்." ஒரே ஒரு தரம் பதிந்து வைத்தது. அதன் பிறகு பெயர் விபரங்களை அன்றைக்கு இருக்கிற அறிவிப்பாளர் வாசிப்பார்.

நீ பயந்தது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். உறவுகளை வரிசையாகச் சொல்லும்போது, அவர்களில் முன்பே இறந்தவர்களுக்கு "காலஞ்சென்ற" என்று சேர்க்க வேண்டும். ஒருநாள் நான் உயிரோடிருக்கிற ஒரு மனிதருக்கு அதைச் சேர்த்து வாசித்துவிட்டேன். நிகழ்ச்சி முடியுமுன் தொலைபேசி அடித்தது. "பிள்ளை, நான் மனோர் பார்க்கில இருந்து கதைக்கிறன். இன்னும் காலஞ்செல்லேல்லை. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறன்."

நீ கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாய். "இருக்கிறவைக்குப் போட்டால் சிரிச்சுப்போட்டு விடலாம் கலா. போனவைக்குப் போடாமல் விட்டால் சிரிக்கேலாது. போனவர் இன்னும் இருக்கிறார் எண்டு அந்த வீட்டில ஆரோ ஒராள் நம்பிப்போடும்."

பிறகு நீ நோயில் படுத்தாய். மருத்துவர்கள் சொன்ன காலத்தைக்கூட நீ முழுதாக எடுக்கவில்லை.

உன் அறிவித்தலை நான்தான் வாசித்தேன். எங்கள் நிலையத்தின் குரலாக இருந்தவர் என்று ஒரு வரியும் சேர்த்தேன். ஆனால் யாருக்குமே ஒரு விஷயம் மூளையில் தட்டவில்லை. எந்த அறிவித்தல் என்றாலும் கம்ப்யூட்டர் தன்பாட்டில் உன் பதிவை முன்னால் போட்டுவிடும். உன் சாவை ஊருக்கு அறியத் தந்தது நீயேதான். அந்த நேரம் சட்டனில் உன் வீட்டு முன்னறை நிறையச் சனம். எல்லோரும் அழுகையை நிறுத்திவிட்டார்களாம். அண்ணை மட்டும் எழும்பிப் போய்ச் சத்தத்தைக் கூட்டினாராம்.

அன்றிலிருந்து அவர் ஆறரைக்கு டிவிக்கு முன்னால் இருக்கத் தொடங்கினார். உங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை, கதைக்க அந்த வீட்டில் வேறு யார்? நான் போகிற நாட்களில் பார்த்திருக்கிறேன். உன் குரல் வந்ததும் நிமிருவார். பெயரை வாசிக்கத் தொடங்கியதும் சத்தத்தைக் குறைத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார். "இண்டைக்கு மூண்டு தரம்" என்பார். ஒருநாள் நான் உள்ளே வந்தபோது முகம் வாடிப்போய் இருந்தார். "இண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லை" என்றார்.

நான் மட்டும் என்ன திறமா? நிலையத்தில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு என் முறைக்குக் காத்திருக்கும்போது, "அறியத் தருகிறோம்" என்று நீ முடித்தபின் ஒரு சின்ன மூச்சு எடுப்பது கேட்கும். அடுத்து ஒரு பெயரைச் சொல்லப் போகிற மாதிரி. யாருடைய பெயரையடி சொல்ல வந்தாய்? ஒவ்வொரு முறையும் என் பெயராக இருக்குமோ என்று நினைத்துக்கொண்டுதான் நான் வாசிக்கத் தொடங்குவேன்.

சனமும் பயந்தது. நான் சேர்த்த அந்த ஒரு வரியால்தான் அது செத்தவளின் குரல் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. தாயைப் பறிகொடுத்த ஒரு பெண் என்னிடமே சொன்னாள். "குறை நினைக்காதையுங்கோ அக்கா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வந்து நிண்டு கதைக்கிற மாதிரி இருக்கு." அவள் அறிவித்தலை வானொலிக்குக் கொடுத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். போன மாதம் செய்மதிக் கம்பனியிலிருந்து வாடகை கேட்டுக் கடைசி எச்சரிக்கை வந்தது.

நிலையத்தை நடத்துகிறவர் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, உயிரோட இருக்கிற குரல் ஒண்டு போடவேணும். இல்லாட்டி வாற மாசத்தோட நிப்பாட்டவேண்டியதுதான்." நான் அவரோடு கத்திச் சண்டை பிடித்தேன். படி இறங்கி வரும்போதே அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. அது இன்னும் கோபத்தைக் கூட்டியது.

சனிக்கிழமை சட்டனுக்குப் போய் அண்ணையிடம் சொன்னேன்.

"அப்ப அவள் இனி வரமாட்டாள் எண்டு சொல்ல வந்திருக்கிறாய்."

"ஸ்டேஷன் நிண்டுபோகும் அண்ணை."

டிவி ரிமோட்டை எடுத்து மேசையில் நேராக வைத்தார். "நிண்டால் என்னைத்தான் ஏசுவாள்" என்றார். பிறகு, "மாத்து. ஆனா நீ வாசி. வேற ஒருத்தரும் வேண்டாம்."

அடுத்த நாள் சேகர் வந்தான். உனக்குத் தெரியும், கோயம்புத்தூர்ப் பிள்ளை, கிழமை முழுக்க ஐடி வேலை, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஒலிப்பதிவு. நீ எவ்வளவு நிதானமாக வாசித்தாய் என்று பார்க்க உன் பழைய டேப்பைத் தேடி எடுத்திருந்தான். "அக்கா, முன்னாடி கொஞ்சம் வேற இருக்கு. கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றான்.

மைக்குக்கு முன்னால் சத்த அளவு பார்க்கும்போது வேறு யாருடைய பெயரையும் வாசிக்கக் கூடாது, அபசகுனம், தன் பெயரைத்தான் வாசிக்க வேண்டும் என்று நீ வைத்த வழக்கத்தை நான் மறந்தே போயிருந்தேன். டேப்பில் நீ வாசிக்கிறாய். "சட்டனை வதிவிடமாகக் கொண்ட திருமதி ராஜேஸ்வரி சிவபாலன்... வயது, அதைப் பிறகு போடலாம்... காலமானார். அன்னார் சிவபாலனின் அன்பு மனைவியும், கலாவின் உயிர் மச்சாளும் ஆவார்." பிறகு சிரிப்பு. "சேகர், லெவல் பார்க்க இவ்வளவு காணுமே?"

நான் வெளியே போய் மரக்கறிக் கடை வாசலில் நின்று அழுதேன். கடைக்காரர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போனார்.

புதிய குரல் திங்கட்கிழமை போனது. அறிவித்தல்கள் திரும்பி வருகின்றன. தாயைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணே ஆண்டுத் திவசத்துக்கு உங்களிடம்தான் தருவேன் என்று சொல்லியிருக்கிறாள். இந்த மாத வாடகை கட்டியாயிற்று. அடுத்த மாதம் எப்படியோ தெரியாது.

அன்றைக்கு ஆறரை கழிந்து அண்ணை தொலைபேசி எடுத்தார். "கேட்டனான்" என்றார். "நல்லா வாசிக்கிறாய். கொஞ்சம் ஓடுறாய்." அவ்வளவுதான். வைத்துவிட்டார். இப்போது ஆறரைக்கு அவர் என்ன செய்கிறாரோ, கேட்க எனக்குத் துணிவில்லை.

ஒன்றை மட்டும் இவ்வளவு நேரமும் மறைத்துவிட்டேன். அழுது முடித்து மேலே ஏறி வந்ததும் சேகர், "லெவல் பாக்கணும் அக்கா, ஏதாவது வாசிங்க" என்றான். நீ வைத்த வழக்கப்படி என் பெயரையே வாசித்தேன். கலாவதி காலமானார். அன்னார் சிவபாலனின் அன்புத் தங்கையும், ராஜேஸ்வரியின் உயிர் மச்சாளும் ஆவார்.

சேகர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கும் நீ "காலஞ்சென்ற" என்ற அந்தச் சொல்லைப் பாடமாக்கி விட்டிருக்கிறாய். ஆனால் திருத்தவில்லை. "லெவல் சரியா இருக்கு அக்கா" என்றான்.

போடாமல் விட்டால் அந்த வீட்டில் ஆரோ ஒராள் நம்பிப்போடும் என்றாயே. அந்த ஒராள் நான்தான் ராஜி.

உன் டேப்பைச் சேகர் சீடியில் போட்டுத் தந்திருக்கிறான். இந்த ஞாயிறு அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதில் நீ வேறு யாருக்காகவும் பேசவில்லை, உன் குரலைக் கேட்க யாரும் சாகவேண்டியதும் இல்லை. நிலையம் மூடும்வரைக்கும் என் வாயால் ஒரு பெயரும் பிழைக்காது. உன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லையும் ஒருநாள் சேர்த்து வாசிப்பேன். அது எப்போது என்று மட்டும் கேட்காதே. அதைப் பிறகு போடலாம்.

உன் உயிர் மச்சாள்,
கலா