ராணி வீட்டு வாசலில் கழற்றிய ஷூ

இன்று காலை செருப்பு வைக்கும் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது உன் ஷூ கையில் வந்தது. சுவீடனில் இருக்கும் மகனிடம் போவதற்காகத் திண்டுக்கல் கடைவீதியில் வாங்கிய சாம்பல் நிற ஷூ. அதற்கு முன்னால் நீ ஷூ போட்டதே இல்லை. முகர்ந்து பார்த்தேன். இன்னும் புது ரப்பர் வாசம்தான் அடிக்கிறது. அடிப்பாகம் தேயவே இல்லை. தேயும் அளவுக்கு நான் உன்னை நடக்க விட்டால்தானே.

அதன் கயிற்றில் ஓர் அட்டைத் துண்டு தொங்குகிறது. யாரோ தவறவிட்ட பொருள் என்று சுவீடன் மொழியில் எழுதியிருக்கிறதாம். மகன் அன்றைக்கே சொன்னான். நான்தான் காதில் வாங்கவில்லை.

ட்ரோட்னிங்ஹோல்ம் என்ற பெயர் உன் வாயில் நுழையவில்லை. உனக்கு அது ராணி வீடு. அந்த அரண்மனைத் தோட்டத்தின் படத்தை மகன் போனில் அனுப்பியதிலிருந்து தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டினாய். மொட்டைமாடியில் பழைய பெயிண்ட் டப்பாக்களில் கனகாம்பரம் வளர்த்தவள் நீ. செடியைக் கத்தரித்தே தரையில் கோலம் போட்டிருக்கிறார்களே என்று உனக்கு வியப்பு. "இம்புட்டுக்கும் யாருங்க தண்ணி ஊத்துவாங்க?" என்று கேட்டாய். அந்தத் தோட்டத்துக்காகத்தான் நீ விமானம் ஏறினாய். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதுதான் இப்போது குத்துகிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மற்றதெல்லாம் நூலகத்திலும் செய்தித்தாளிலும் நானாகப் பொறுக்கிச் சேர்த்தது. அதனால் யாராவது என்னைத் திருத்த வந்தால் உடம்பெல்லாம் எரியும். மகன் வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் வாசலிலேயே காலணியைக் கழற்றியதைப் பார்த்திருந்தேன். ஒரு சாதாரண வீட்டுக்கே அந்த மரியாதை என்றால் அரண்மனைக்கு எப்படி இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அரண்மனை வாசலில் நான் ஷூவைக் கழற்றச் சொன்னதும், "ஏங்க, எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான போறாங்க?" என்றாய்.

"அவங்க சுத்திப் பாக்க வந்த கூட்டம். ராசா குடியிருக்கிற வீடு இது. நமக்கு முறைன்னு ஒன்னு இல்லையா?"

"அப்பா, இங்க யாரும் கழட்ட மாட்டாங்கப்பா" என்றான் மகன்.

"நீ இங்க வந்து எல்லாத்தையும் மறந்துட்டடா."

வாசலுக்கு வெளியே இரண்டு ஜோடியையும் வரிசையாக விட்டோம். காலுறையோடு அந்தக் குளிர்ந்த கல்தரையில் நீ பாதத்தை முழுதாகப் பதிக்காமல் நடந்தாய். மாடியில் தோட்டத்தைப் பார்த்த ஒரு பெரிய சன்னல். நீ அங்கேயே நின்றுவிட்டாய். நான் சுவரிலிருந்த ஒரு ராஜாவின் படத்தைக் காட்டி, படித்ததை மகனிடம் அளந்துகொண்டிருந்தேன். "கீழ போயி செத்த நேரம் சுத்திட்டு வரலாங்களா?" என்று திரும்பாமலே கேட்டாய். முதலில் உள்ளே பார்த்து முடிப்போம் என்றேன்.

வெளியே வந்தால் ஷூ இல்லை. நான் போட்ட சத்தம் உனக்கு நினைவிருக்கும். "அரண்மனைன்னு பேரு, வாசல்லயே திருட்டு!" தமிழ் தெரியாதவர்களுக்கும் அது புரிந்திருக்கும். நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "நான் கேட்டுட்டு வாரேம்பா, சத்தம் போடாதீங்க" என்று மகன் கையைப் பிடித்தான். உதறிவிட்டு, நாம் வந்திறங்கிய படகுத்துறைக்கு நடந்தேன். சரளைக் கல் பாதையில் காலுறையோடு, ஒவ்வொரு அடிக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நீ பின்னால் வந்தாய்.

படகு வந்து நிற்கும்போது அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் காகிதப் பை. யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து, அட்டை கட்டிப் பத்திரமாக எடுத்து வைத்தார்களாம். மன்னிப்பு வேறு கேட்டாள். நீ அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நீ பெஞ்சில் உட்கார்ந்து, நிதானமாகக் கயிற்றைக் கட்டி, நிமிர்ந்து கேட்டாய். "இப்பப் போலாமாங்க? அடுத்த படகு வரும்ல?"

போயிருக்கலாம். ஆனால் திரும்பவும் அந்த வாசலைத் தாண்ட வேண்டும். சத்தம் போட்ட கிழவன் வருகிறான் என்று அவர்கள் பார்ப்பார்கள். "நம்ம மலைக்கோட்டையில இல்லாதது இங்க என்ன கெடக்கு? ஏறு" என்றேன். நீ ஏறினாய். படகு நகர்ந்த பிறகு, "சன்னல்லயே பாத்துட்டேங்க, அம்புட்டும் தெரிஞ்சுச்சு" என்றாய். அப்பாடா என்று இருந்தது எனக்கு. என்ன தெரிந்தது என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் நாகல்நகர் டீக்கடையில் நான் இதை எப்படிச் சொன்னேன் என்பது உனக்கும் தெரியும். ஒரு சத்தம் போட்டேன், அரண்மனையே ஷூவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தது! எல்லோரும் சிரிப்பார்கள். தோட்டம் எப்படி என்று உன்னைக் கேட்டவர்களுக்கு, "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாய். நீ கண்ணை மூடும்வரை அந்த ஒரு வார்த்தையின் நிழலில்தான் நான் வீரனாக இருந்தேன்.

இன்று சாயங்காலம் டீ மாஸ்டர், "பெருசு, அந்த ஷூ கதையை எடுத்து விடுங்க, இவரு கேட்டதில்ல" என்று புதிதாக வந்த ஒருவரைக் காட்டினார். ஆரம்பித்தேன். பழைய கதை வாயில் வரவில்லை.

"அவங்க திருடல. நான்தான் கழட்டி விட்டுட்டு வந்தேன். அந்தக் கோவத்துல அவளத் தோட்டத்துக்குள்ள விடாம இழுத்துட்டு வந்துட்டேன்."

"அக்கா நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்களே?"

"எனக்காகச் சொன்னா."

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் டீக்குக் காசு வாங்க மறுத்தார். அது அடித்ததைவிட மோசமாக இருந்தது. காசை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மகன் இந்தக் கோடைக்கும் கூப்பிடுகிறான். இந்தத் தடவை தோட்டத்தை நிதானமாகப் பார்க்கலாம் என்கிறான். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீம்பு என்று நினைத்துக்கொள்கிறான். வீம்புதான். நீ பார்க்காததை நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவேனா?

சுங்குடிச் சேலைக்கு மேல் மகனுடைய பெரிய ஸ்வெட்டர். ஒரு காலைத் தூக்கி மறுகாலின் மேல் வைத்துச் சூடேற்றிக்கொண்டு, சன்னலை அடைத்து நிற்கிற உன் முதுகு. அந்தத் தோட்டத்தில் நான் பார்த்தது அவ்வளவுதான்.