புகைபோக்கிக்கு நேர் கீழே

வாலு, அசந்து தூங்கற, எழுப்ப மனசு வரல. கப்பலுக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு.

நேத்து நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு ஆடிக்கிட்டே, "டார்பிடோவ எங்க விட்டா கப்பல் சட்டுனு முழுகும்ப்பா?"ன்னு கேட்ட. நான் கம்ப்யூட்டரப் படக்குன்னு அணைச்சுட்டேன். கோவம் உன் மேல இல்லடி.

கேட்டதுக்குப் பதில்: கப்பல் இப்ப இருக்கற இடத்துக்கு விடாத. டார்பிடோ போய்ச் சேர்றப்போ அது எங்க இருக்குமோ, அங்க விடு. புகைபோக்கிக்கு நேர் கீழ குறி வை. இஞ்சின் ரூம் அங்கதான். அப்பா வேலை பாக்கறதும் அங்கதான்.

வெளிய போனா சாவிய ஜன்னல்ல வெச்சுடு.

இன்னொண்ணு. போன மாசம் குண்டு போட்டு ஒரு கப்பல மூழ்கடிச்சாங்களே, அதே வழியாத்தான் நாங்களும் போறோம். அம்மாகிட்ட வேற வழின்னு சொல்லியிருக்கேன். உளறிடாத. இந்தச் சீட்டக் கிழிச்சுப் போட்டுடு.