'வ' இல்லாத வீடு

நைனா,

இன்று காலையில் ஒரு பெரியவரை அவருடைய மகன் என் பேச்சுப் பயிற்சி அறைக்குக் கூட்டி வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து நேராக வந்திருக்கிறான். சட்டையெல்லாம் கட்டிங் ஆயில் வாடை. அவருக்கு என்ன குறை என்று கேட்பதற்கு முன்னாலேயே உன் ஞாபகம் வந்துவிட்டது. லேத்துப் பட்டறையிலிருந்து நீ வரும்போது, "குளிச்சிட்டு அப்பால பேசு" என்று அம்மா விரட்டுவாளே, அதே வாடை.

எண்பதுகளின் கடைசியில் நான் பேச்சுப் பயிற்சிப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது அண்ணனூரில் நம் தெருவே சிரித்தது. "பேசக் கத்துக்குடுக்க ஒரு காலேஜா? வேற படிப்பே கெடிக்கிலியா அண்ணாத்தே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "எம் பொண்ணு வாய்க்கு அதான் சரியான படிப்பு மாமே" என்றாய் நீ. எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது.

முதல் வருஷம் உச்சரிப்புச் சோதனை செய்து பழக எங்களையே ஜோடி சேர்த்தார்கள். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். வீட்டுப் படத்துக்கு நான் "ஊடு" என்றேன். 'வ' வரவில்லை என்று தோழி பிழை போட்டாள். "முதல்ல உனக்குத்தான் பயிற்சி குடுக்கணும்" என்றார் மேடம். வகுப்பே சிரித்தது. ரயில் முழுக்க அழுதுகொண்டு வந்து உன்னிடம் சொன்னேன். "நீ சொன்னது அவங்களுக்குப் புரிஞ்சிச்சா இல்லியா? புரிஞ்சிச்சில்ல? அப்பால இன்னா?" என்று கேட்டுவிட்டு நீ சோற்றைப் பிசைய ஆரம்பித்தாய்.

கடைசி வருஷம் உனக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையோடு பேச்சும் போனது. ஊரையே நையாண்டி பண்ணிய வாய்க்குத் தண்ணீர் கேட்கக்கூட வரவில்லை. எங்கள் கல்லூரியின் பயிற்சிப் பிரிவுக்கே உன்னைக் கூட்டிப் போனேன். அதே மேடம்தான் படங்களைக் காட்டினார். பல வாரம் ஒன்றும் வரவில்லை. ஒருநாள் வீட்டுப் படத்தைப் பார்த்ததும் உன் உதடு குவிந்தது.

"ஊ... ஊடு."

நான் துள்ளிக் குதிக்க இருந்தேன். மேடமோ, "ஊடு இல்ல, வீடு. எங்க, திருப்பிச் சொல்லுங்க" என்றார். நீ அவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், வாயை மூடிக்கொண்டாய்.

நான் எழுந்துவிட்டேன். "அது தப்பில்ல மேடம். போன பேச்சு இப்பத்தான் திரும்பி வந்துகினு கீது. வாசல்லியே நிக்கவெச்சுத் திருத்தினா வந்த வழியே பூடும்." வேண்டுமென்றே அப்படித்தான் பேசினேன்.

"உன் செய்முறை மார்க் என் கையில இருக்கு, தெரியும்ல?"

"அத்த நீங்களே வெச்சுக்கோங்க மேடம். எங்க நைனா பேச்ச உட்டுடுங்க."

மார்க் குறைந்தது. தட்டுத் தடுமாறித் தேறினேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. வீட்டில் நானே படம் வரைந்து உன்னைப் பேச வைத்தேன். ஊடு, நாஷ்டா, லேத்து என்று உன் வாய்க்குப் பழகிய சொற்களாகவே கேட்டேன். ஒவ்வொன்றாக வந்தன.

சில மாதம் கழித்துப் பயிற்சிப் பிரிவுக்கு உன்னை மறுபடி கூட்டிப் போனபோது மேடம் அதே படத்தை நீட்டினார். நீ இடது கையால் உன் நெஞ்சைத் தொட்டு, "எங்க... ஊடு" என்றாய். பிறகு அவரைக் காட்டி, "உங்க... வீடு" என்றாய். அந்த 'வ' எவ்வளவு சுத்தமாக வந்தது! உனக்கு வராமல் இல்லை, வேண்டாம், அவ்வளவுதான். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நீ போய்ப் பல வருஷமாகிறது. இப்போது நானும் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். "நீங்களே இப்படிக் கொச்சையா பேசலாமா மேடம்?" என்று வருஷத்துக்கு ஒருத்தியாவது கேட்டுவிடுகிறாள். நான் விளக்கமெல்லாம் சொல்வதில்லை. என் நெஞ்சைத் தொட்டு "எங்க ஊடு" என்கிறேன். அவளைக் காட்டி "உங்க வீடு" என்கிறேன். அதற்குமேலும் பிழை போடுகிறவள் போட்டுக்கொள்ளட்டும் நைனா, நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.