மலைக்கு இல்லம்மா

என் மல்லிகாவுக்கு,

இன்று காலை எழுந்ததும், அடுப்பில் தண்ணீர்கூட வைக்காமல் ஒரு வேலை செய்தேன். பல்கலைக்கழக விண்ணப்பத்தின் நாலாவது கேள்விக்கு நான் தட்டச்சு செய்து வைத்திருந்த ஒன்றரைப் பக்கத்தையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் பொருளியல் விடைத்தாள்களைத் திருத்துகிற அதே பேனா. பிறகுதான் போய் முகம் கழுவினேன்.

விண்ணப்பம் என்றதும் உனக்குச் சிரிப்பு வரும். நாற்பத்து நாலு வயதில் என்னடி படிப்பு என்று கேட்பாய். முதுமாணிப் பட்டம். மனிதர்கள் ஒன்றை ஏன் வாங்குகிறார்கள், வாங்கியது அவர்களை ஊருக்கு யாராகக் காட்டுகிறது என்று ஆராய்கிற துறை. நுகர்வுப் பண்பாடு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் பள்ளிக்கால அனுபவங்களில் எது உங்களை இந்தத் துறைக்கு அழைத்து வந்தது என்பதுதான் நாலாவது கேள்வி.

'பள்ளிப் பருவத்திலிருந்தே தேயிலைத் தோட்ட மக்களின் வாங்கும் பழக்கங்களைக் கூர்ந்து கவனித்து வந்தேன்' என்று தொடங்கியிருந்தேன். பொய் இல்லை, மல்லிகா. கவனித்தேன்தான். ஆனால் நான் கவனித்தது அவர்களுடைய கால்களை. அதை எழுதவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பதுளையில் எங்கள் புடவைக் கடையில் இரண்டு சொற்கள் இருந்தன. ஆள் படியேறும்போதே, சேலை எடுத்துப் போடுகிற கடை அண்ணன் காலைப் பார்ப்பார். சுத்தமான செருப்பு என்றால் 'டவுனுக்கு.' கண்ணாடி அலமாரி திறக்கும். செம்மண் ஒட்டிய செருப்பு என்றால் 'மலைக்கு.' கவுண்டருக்குக் கீழே இருந்து இன்னொரு கட்டு வெளியே வரும். பளபளவென்று ஜரிகை போட்ட சேலைகள், இரண்டு தோய்ப்பில் சாயம் போகிறவை. அப்பாவுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். சனிக்கிழமைகளில் கடையில் உட்கார்ந்து பார்சல் கட்டிய எனக்கு அந்தச் சொல்லில் எந்தப் பிழையும் தெரியவில்லை. மழை வரும்போது குடை என்று சொல்வதுபோலத்தான் அதைச் சொன்னேன்.

நாம் உயர்தரம் படித்த வருடம், அந்தச் சனிக்கிழமை, முதலில் ஏறி வந்தவர் உன் அம்மா. நீ கீழே படியில் நின்று செருப்பை உரசித் துடைத்துக்கொண்டிருந்தாய். லுணுகலைப் பக்கத் தோட்டத்திலிருந்து உன் அம்மா அதற்கு முன் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே இல்லை, நீ விடுதியில் இருந்தாய், எனக்கு அவர் முகம் தெரியாது. காலைப் பார்த்தேன். "அண்ணா, மலைக்கு எடுத்துப் போடுங்க" என்றேன்.

தன்னிடம்தான் சொல்கிறேன் என்று நினைத்து உன் அம்மா திரும்பினார்.

"மலைக்கு இல்லம்மா. மலைக்குக் கட்டப் பழசு கெடக்கு. இது புள்ளயோட பரிசளிப்பு விழாவுக்கு."

கொழுந்து பறிக்கப் போவதை 'மலைக்குப் போறது' என்றுதானே உங்கள் லயத்து வீடுகளில் சொல்வீர்கள். மலையில் வேலை செய்யும்போது கட்டுகிற சேலை கேட்டு வந்ததாக நாங்கள் தவறாக நினைத்துவிட்டோம் என்று அவர் எங்களைத் திருத்தினார். எவ்வளவு மரியாதையாகத் திருத்தினார்! கடை அண்ணன் சிரித்தார். கல்லாவில் இருந்த அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்போது நீ உள்ளே வந்தாய். என் கண்ணைப் பார்க்கவில்லை நீ, இன்னும் மூடாத என் வாயைத்தான் பார்த்தாய்.

"என்ன முதலாளியம்மா, என்ன ஜோக்கு? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல."

உன் அம்மாதான் எங்களைக் காப்பாற்றினார். "ஒண்ணுமில்ல புள்ள, அவங்க மலைக்குக் கேக்குறோம்னு நெனச்சிட்டாங்க."

உனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. கண்ணாடி அலமாரியைக் கைகாட்டி, "மேல இருக்குறத எடுத்துப் போடச் சொல்லு" என்றாய். அண்ணன் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையசைத்தார். சாம்பல் கலந்த நீலத்தில் மெல்லிய சேலை ஒன்று விரிந்தது. எங்கள் அம்மா கட்டுகிற வகை. உன் அம்மா புறங்கையால் அதைத் தடவிப் பார்த்தார். காய்ப்பு ஏறிய உள்ளங்கையில் நூல் மாட்டிவிடும் என்று பயந்திருப்பார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மினுங்கலையே புள்ள. நீ மேடையில நிக்கிறப்ப நான் எங்க இருக்கேன்னு ஒனக்குத் தெரிய வேணாமா?"

சொல்லிக்கொண்டே, அண்ணன் ஏற்கெனவே வெளியே எடுத்து வைத்திருந்த கீழ்க்கட்டிலிருந்து ஒரு செம்பருத்தி நிறச் சேலையை அவரே உருவி எடுத்தார்.

விழா அன்று நீ தமிழுக்குப் பரிசு வாங்க மேடையேறியபோது நானும் திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தின் கடைசி வரிசையில், கதவோரம், அந்தச் சேலை எரிந்துகொண்டிருந்தது. நீ ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாய். நீலச் சேலை கட்டிய என் அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தும் எனக்குத் தேடித்தான் தெரிந்தது.

கடைக்கு வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமையே நீ என்னோடு சண்டை போடுவாய் என்று நினைத்தேன். இடைவேளையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாய்: "எங்கம்மாவுக்கு அந்தச் சேல நெசமாவே புடிச்சதா, இல்ல பொறந்ததுலேருந்து அத மட்டுமே காட்டிப் புடிக்க வச்சிட்டீங்களா? நீதான் பொருளியல்ல மொதல் ஆளாச்சே, சொல்லேன்."

இன்றைக்கும் தெரியவில்லை. மினுங்குவதை விரும்ப வைத்தது எங்கள் கவுண்டரா? மேடையில் நிற்கும் மகளா? இரண்டும்தானா? அந்த ஒரு கேள்வியைத்தான் இத்தனை வருடமும் பாடப்புத்தகத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு பொருளியல் வகுப்பில் கேள்வி வளையியும் நிரம்பல் வளையியும் கரும்பலகையில் கீறிக் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்பு மட்டும் கேட்கவே இல்லை. நீயும் அதைப் பற்றிப் பேசவில்லை. நீ தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானாய், என் கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறினாய், இரண்டு மாதம் மூத்தவள் என்பதால் "அக்கான்னு கூப்புடுடி" என்று சந்திக்கும்போதெல்லாம் அதிகாரம் பண்ணினாய். நானும் வீம்புக்கு மல்லிகா என்றே கூப்பிட்டேன். நீ மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

போன வருடம் பதுளை ஆஸ்பத்திரியில், மருந்து இனி கேட்காது என்று டாக்டர் சொன்ன மறுநாள், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாயே: "என்ன முதலாளியம்மா, எனக்கு எந்தச் சேல எடுத்துப் போடப் போற? மலைக்கா, டவுனுக்கா?" கேட்டுவிட்டு இருமி இருமிச் சிரித்தாய். நான் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ தூங்கிவிட்டிருந்தாய்.

இங்கே என்ன நடக்கிறது என்று சொல்லட்டுமா? கடையை இப்போது என் கூடப் பிறந்த அண்ணன் பார்க்கிறார். யாரும் காலைப் பார்ப்பதில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் என்னுடையதைவிட நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு வருகிறார்கள், போனை நீட்டி "இதே மாதிரி இருக்கா?" என்று படம் காட்டுகிறார்கள். கடைக்காரப் பையன்களுக்குள் அதற்கும் ஒரு சொல் வந்துவிட்டது. 'போனுக்கு' என்கிறார்கள்.

பழைய சொல்லும் சாகவில்லை. எல்லவில், சுற்றுலாக்காரர் குவிகிற அந்த ஊரில், கொழும்புப் பிள்ளைகளும் வெளிநாட்டுக்காரர்களும் சேலை கட்டி, முதுகில் கூடை மாட்டி, தேயிலைக்குள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களாம். அதற்குச் சேலை வாடகைக்கு விடுகிறார் ஒருவர். போன மாதம் அண்ணன் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "மினுங்குறதா ஒரு கட்டு, எல்லவுக்கு. ஆமா, மலைக்குப் போடுறதுதான்." எனக்கு உன்னிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரிடம் ஓடுவது?

இப்போது என் சிக்கலைக் கேள். விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அடித்த பக்கத்துக்குப் பதிலாக நடந்ததை நடந்தபடி எழுதலாம். 'சொன்னது நான், சிரித்ததும் நான்' என்று எழுதலாம். அண்ணன் கோபிப்பார், அதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் உன் அம்மா? அவருக்கு இன்னும் அது பரிசளிப்புச் சேலைதான். நீ போன பிறகு பார்க்கப் போனபோது தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். சாயமெல்லாம் போய் ஜரிகை மட்டும் கம்பி கம்பியாக நின்றது. "ஒங்க கடையில எடுத்ததும்மா, எம்புட்டு நல்ல சேல" என்றார்.

அவருக்குத் தெரியாமல் அவர் கதையை எழுதி ஒரு பட்டம் வாங்கினால், அது இன்னொரு தடவை காலைப் பார்ப்பது இல்லையா? தெரியச் சொன்னால், அந்த நல்ல சேலையை அவரிடமிருந்து பிடுங்குவது இல்லையா?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்தேன். அண்ணனுக்குச் சொல்லவில்லை, என் வீட்டுக்காரருக்கும் சொல்லவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் உன் அம்மாவிடம் போகிறேன். எங்கள் கடையில் 'மலைக்கு' என்றால் என்ன அர்த்தம் என்று என் வாயால் சொல்லப்போகிறேன். பிறகு இந்தக் கடிதத்தை முழுதாக வாசித்துக் காட்டுவேன். "எழுதாத" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் வெள்ளிக்கிழமை சும்மா கடந்து போகும், இந்தக் கடிதத்தையும் வேறு யார் கண்ணிலும் காட்டமாட்டேன்.

அவர் திட்டினாலும் அழுதாலும், என்னைவிடப் பெரிய மனதோடு மறுபடி என்னைக் காப்பாற்றினாலும், வந்து உனக்கு ஒரு சொல் விடாமல் சொல்வேன், அக்கா.

இரண்டு மாதம் இளையவள்,
உன் தங்கச்சி
சுகந்தி