மூன்றாம் ஈற்று

மார்ச் 4, செவ்வாய்

வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைக் கோட்டின் வலது கையில் இன்னும் மாவுவின் முடி. வெள்ளையில் வெள்ளை, யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

பரிசோதனைக் கூடத்தில் இன்று நூற்றுப் பதினேழு ரத்தக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் பெயர், வயது, தேதி, நேரம். ஒரு தேதி தப்பினால் வேலை போய்விடும் என்று சேர்ந்த அன்றே கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார். இரண்டு வருடத்தில் நான் ஒரு தேதிகூடத் தப்பாக எழுதியதில்லை.

கூடத்தில்.

மார்ச் 5, புதன்

மாவு போய் ஒரு வாரம்.

மார்ச் 6, வியாழன்

போன வாரம் வராத இரண்டு நாளுக்கு விடுப்புப் படிவம் கேட்டார்கள். "குடும்பத்தில் மரணம் எனில் இறந்தவர் உறவுமுறை" என்று ஒரு கட்டம். பேனாவை அங்கேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்து யார் என்று கேட்டார். பூனை என்றேன்.

"பூனைக்கு லீவுன்னா, நாளைக்குப் பல்லி செத்துச்சுன்னு வந்து நிப்பீங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். இவர் கார்க் கதவில் கீறல் விழுந்ததற்கு இரண்டு நாள் வரவில்லை. அந்தக் காருக்கு என்ன உறவுமுறை போட்டாரோ.

வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தேன். பொய் எழுத எனக்கு நன்றாகவே வருகிறது.

மார்ச் 8, சனி

மாடி அறை. சமையல் தராசில் துண்டை விரித்து மாவுவின் குட்டிகள் இரண்டையும் நிறுத்தேன். நீலம் நூற்று அறுபத்தைந்து கிராம். சிவப்பு நூற்றுப் பத்து, நேற்றைவிட இரண்டு குறைவு.

குட்டிகளுக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை. கழுத்தில் ஒரு வண்ண நூல், அவ்வளவுதான். பெயர் வைத்தால் விற்கக் கை வராது என்பது அண்ணியின் சட்டம். தலையீற்றில் பச்சை நூல் கட்டிய குட்டி மட்டும் விலை போகாமல் தங்கிவிட்டது. எப்போதும் கண்ணில் நீர், மூச்சு விட்டால் குறட்டை. மூக்கு முகத்துக்குள் அமுங்கிப் போயிருக்கிறது. அப்படி அமுங்கியிருந்தால்தான் அழகு என்று வாங்குகிறவர்கள் சொல்கிறார்கள். மூச்சு விடாத பொம்மையையே வாங்கிக்கொள்ளலாம் இவர்கள். நூல் அறுந்து வருடம் ஆகியும் அவள் பெயர் பச்சைதான்.

சொட்டுக் குழாயில் பால் கொடுத்தேன். சிவப்பு இரண்டு சொட்டு குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மாவுவின் துண்டை அடியில் போட்டேன். வாசனையாவது இருக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

டிசம்பரில் அண்ணி கடுவன்காரரிடம் பேசினாள். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வீட்டில் ஒரே ஒரு ஆண் பூனை, நல்ல பாரசீகக் கடுவன். அதன் குட்டி என்றால் வரிசையில் நின்று வாங்குவார்கள். ஆனால் மனிதர் மருமகள் தேடும் மாமியாரையும் மிஞ்சுவார். பெட்டையின் நோட்டைக் காட்டச் சொல்வார். தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, எத்தனை ஈற்று, எப்போது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் போட்ட பெட்டையைப் படியேற விடமாட்டார்.

மாவுவுக்குப் போன வருடம் ஜனவரியில் தலையீற்று, செப்டம்பரில் இரண்டாவது. இரண்டுக்கும் பின்சந்தில் ஒருவன் வைத்திருக்கும் கடுவன். அவன் எதையும் கேட்கமாட்டான்.

அண்ணி புது நோட்டு ஒன்று வாங்கி வந்தாள். "செப்டம்பர மட்டும் விட்டுடு. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது."

எழுதினேன். பல நாளில் எழுதியது போலத் தெரியட்டும் என்று இரண்டு பேனா மாற்றினேன். அதை அண்ணி சொல்லித் தரவில்லை. அது என் சொந்த மூளை.

கடுவன்காரர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். "இப்படி நோட்டு வெக்கிற வீட்ட நான் பாத்ததே இல்லம்மா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுத வேண்டும். பெருமையாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 26, காலை பத்து மணிக்கு மாவுவுக்கு வலி எடுத்தது. ஒரு மணி வரை முக்கினாள், ஒன்றும் வரவில்லை. கூடையில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா அந்த நோட்டைத்தான் புரட்டினார். ஒரு வருடத்துக்கு மேல் ஓய்வெடுத்த உடம்பு, தானாகவே ஈனும், ஊசி போட்டு இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். செப்டம்பர் என்ற ஒரு சொல். தொண்டை வரை வந்தது. அண்ணி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. மாவு மட்டும் என்னைப் பார்த்தாள்.

இரண்டு மணி நேரம் பார்த்தோம். பிறகு வயிற்றைத் திறந்தார்கள். கருப்பை பழந்துணி மாதிரி கிழிந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. மூன்று குட்டியில் இரண்டு உயிரோடு. மாவு மேசையிலிருந்து இறங்கவில்லை.

நான் ஏன் வாயைத் திறக்கல? யாரு என் வாயைப் பொத்தினா? ஒருத்தரும் இல்ல.

மார்ச் 11, செவ்வாய்

சிவப்பும் போய்விட்டது. நூற்று நான்கு கிராம்.

அண்ணன் வேலைக்குப் போகும் முன் பார்சல் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கட்டடத்துக்குப் பின்னால் மாவுவின் பக்கத்திலேயே தோண்டினான். உள்ளங்கை அளவு குழி போதும். கையைக் கழுவும்போது, "இன்னொண்ணாவது நிக்குமா?" என்று கேட்டான்.

மார்ச் 13, வியாழன்

பால் இல்லாத பச்சை, நீலத்தைக் காலுக்கிடையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நக்குகிறாள். குட்டி முட்டி முட்டிப் பார்க்கிறது. ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே தூங்கிவிடுகிறது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கீழே இறங்கிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

பச்சை பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தாள். தரையில் புரண்டு, குறட்டையும் கத்தலுமாக. அண்ணி காலையிலேயே ஒரு புது நோட்டை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த மாதம் பச்சையைக் கடுவன்காரரிடம் கொண்டுபோக வேண்டுமாம். கண்ணில் நீர் வழிவதை எழுதக் கூடாது. மூச்சைப் பற்றியும் எழுதக் கூடாது.

"அவளுக்கே ஒழுங்கா மூச்சு விட வரல அண்ணி. அவ குட்டிக்கு எங்கேர்ந்து வரும்?"

"வாங்குறவங்களுக்கு மூஞ்சிதான் வேணும். நீ எழுது."

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு உன் கையெழுத்துதான் பழக்கம் என்றாள். பிறகு சன்னலுக்கு வெளியே நிற்கும் என் வண்டியைப் பார்த்தாள். நான் வேலைக்குப் போகும் வண்டி இரண்டாம் ஈற்று. செப்டம்பர் குட்டிகள் நான்கையும் ஆறே வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து விற்று வாங்கியது. ஏறி உட்காரும்போது நான் எந்த நியாயமும் பேசவில்லையே.

நோட்டு இப்போது என் மேசையில். காலியாக.

மார்ச் 19, புதன்

காலியாகவே இருக்கிறது. அண்ணி தினமும் ஒருமுறை வந்து திறந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

மார்ச் 23, ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

கடுவன்காரர் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பூனைக்குச் சீப்புப் போட்டுக்கொண்டிருந்தார். குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டார். மாவு போனது அவருக்குத் தெரியாது. அண்ணி சொல்லவில்லை.

பழைய நோட்டை அவர் முன்னால் வைத்தேன், செப்டம்பர் இருக்கும் நோட்டு. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு பேனாவையும் சேர்த்து. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"கையெழுத்து அதேதான்" என்றார். அவ்வளவுதான். சீப்பிலிருந்த முடியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு எழுந்து அலமாரியிலிருந்து தன் கடுவனின் நோட்டை எடுத்தார். இணைசேர்த்த பெட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். மாவுவின் பக்கத்தைத் திறந்து பேனாவை நீட்டினார்.

"நீயே திருத்தும்மா. நான் எழுதினா அது என் வார்த்தை. நீ எழுதினாத்தான் அது உண்மை."

முந்தைய ஈற்று என்ற இடத்தில் ஜனவரியை அடித்துவிட்டுச் செப்டம்பர் 18 என்று எழுதினேன். கீழே, ஈனும்போது இறந்தாள், பிப்ரவரி 26. எழுத்து கோணிப்போனது. முத்து முத்தாக இல்லை.

வாசலில் செருப்பைப் போடும்போது பின்னாலிருந்து சொன்னார். "ஓட்டுநரா இருக்கும்போது ஒரு தடவ பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சே வண்டி எடுத்திருக்கேன். ஒண்ணும் ஆகல. ஆகலங்கிறதால நான் நல்லவன் இல்ல." பிறகு எங்கள் வீட்டுப் பெட்டை எதையும் இனி ஏற்க மாட்டேன் என்றார். யார் கேட்டாலும் காரணத்தையும் சொல்வாராம். சொல்லுங்கள் என்றேன்.

மார்ச் 24, திங்கள்

அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. நானே சொன்னேன்.

சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்தாள். கத்துவாள் என்று தயாராக நின்றேன். சின்னக் குரலில்தான் பேசினாள்.

"உங்கண்ணனுக்கு வேலை இல்லாத எட்டு மாசம் இந்த வீடு எதுல ஓடுச்சு?"

பூனையில்தான் ஓடியது. தெரியும் என்றேன். மாவுவின் உடம்பு தேய்ந்துதான் ஓடியது, அதுவும் தெரியும் என்றேன்.

"உடம்பா? எனக்கு மூத்தவளுக்கும் இளையவளுக்கும் நடுவுல பதினோரு மாசம். தையல் போட்ட எடம் இன்னும் வலிக்குது. எனக்கு யாரு நோட்டு பாத்தா?"

அந்தப் பதினோரு மாதத்தின்போது நான் இந்த வீட்டில்தான் இருந்தேன். சுடுநீர் வைத்துக் கொடுத்திருக்கிறேன். கேட்டதில்லை. ஒருவரும் கேட்டதில்லை. அண்ணன் வாசற்படியில் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவன், ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

மார்ச் 28, வெள்ளி

ஐந்தாம் நாள். அண்ணி பேசவில்லை. சாப்பாடு மட்டும் மூடி வைக்கிறாள்.

ஏப்ரல் 2, புதன்

டாக்டரம்மாவிடமும் சொன்னேன். நீலத்தை எடை பார்க்கக் கொண்டுபோன சாக்கில். தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சிருந்தா வந்த உடனே கத்தி வெச்சிருப்பேன்."

பிழைத்திருப்பாளா என்று கேட்டேன்.

"அதக் கேக்காத. எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாமலேதான் இருக்கணும்."

பச்சைக்குக் கருத்தடை அறுவைக்கு நாள் குறித்துக் கொடுத்தார், பத்தாம் தேதி காலை. மூச்சுப் பிரச்சினை இருப்பதால் ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம்.

சீட்டைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். யாரும் கிழிக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

விடுப்புப் படிவத்தில் இந்த முறை உள்ளதை எழுதினேன். பூனைக்கு அறுவை சிகிச்சை. கண்காணிப்பாளர் படித்துவிட்டு, சிரிக்கக்கூடச் செய்யாமல் திருப்பிக் கொடுத்தார். நாளைக்கு இரண்டு பேர் வரமாட்டார்கள், முடியாது என்றார்.

பொய் எழுதிய போது கிடைத்தது. உண்மைக்குக் கிடைக்கவில்லை. நல்ல ஊரு, நல்ல உலகம். நாளை டாக்டரம்மாவைக் கூப்பிட்டுத் தள்ளிப்போடச் சொல்ல வேண்டும். இல்லை, போகாமல் இருந்துவிடட்டுமா? வேலை போனால்? வீட்டில் இப்போது என் சம்பளமும் அண்ணன் வண்டியும்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் கிளம்பும்போது பூனைக்கூடையைக் காணவில்லை. பச்சையையும் காணவில்லை. குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் மட்டும். சீட்டையும் காணவில்லை.

இளையவள்தான் சொன்னாள். "அம்மா பூனையைத் தூக்கிட்டு ஆட்டோல போயிருக்கா."

நாள் முழுக்க ஒவ்வொரு குழாயிலும் இரண்டு தடவை தேதியைச் சரிபார்த்தேன். மாலை வீட்டுக்கு ஓடினேன். பச்சை மயக்கம் தெளியாமல் அண்ணியின் மடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். தையலை நக்காமல் இருக்க வயிற்றைச் சுற்றி ஒரு சட்டை. அண்ணி தன் பழைய நைட்டிக் கையை வெட்டித் தைத்தது, பூப்போட்டது.

"நாலு நாள் படியேற விடக் கூடாதாம்" என்றாள். பதினேழு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

கொஞ்ச நேரம் கழித்து, பச்சையின் காதைத் தடவியபடி, என்னைப் பார்க்காமல்: "கத்தவே இல்ல. கடைசி வரைக்கும் என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா."

நான் அடுக்களைக்குள் போய் அழுதேன். மாவுவுக்காக ஒழுங்காக அழுதது இன்றுதான்.

மே 25, ஞாயிறு

நீலத்துக்குப் பன்னிரண்டு வாரம் முடிந்தது. ஊசி எல்லாம் போட்டாயிற்று. இன்று அதைக் கொண்டுபோக ஒரு பெண் வந்திருந்தாள், பள்ளிக்கூட நூலகர். வயது வந்ததும் கருத்தடை செய்துவிடுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு நோட்டைப் பிரித்து உட்கார்ந்து, நூலகர் படிப்பது போலவே முதல் வரியிலிருந்து படித்தாள்.

தாய்: மாவு. ஈற்று: மூன்று. முந்தைய ஈற்று: செப்டம்பர் 18. பிறப்பு: பிப்ரவரி 26. தாய் இறப்பு: பிப்ரவரி 26.

விரலை வைத்து எண்ணினாள். "நடுவுல அஞ்சு மாசந்தானே இருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கதவோரம் நின்ற அண்ணி சொன்னாள், "ஆமா. அது எங்க தப்பு."

அந்தப் பெண் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். குட்டியைக் கூடைக்குள் விடப் பார்த்தாள். அது நழுவி நாற்காலிக்கு அடியில் பச்சையிடம் ஓடிவிட்டது. பெயர் என்ன, சொல்லிக் கூப்பிடுகிறேன் என்றாள். நாங்கள் பெயர் வைப்பதில்லை என்று சொல்ல வந்தேன்.

அண்ணி தரையில் உட்கார்ந்து கையை நீட்டி, "நீலு" என்றாள்.

குட்டி வந்தது.