ஆருக்குப் பேசப் போகிறேன்

கொட்டாஞ்சேனை,
19-5-1935, ஞாயிறு.

அன்பின் அருள்நாயகிக்கு,

இந்தக் கடிதம் உம்மையும் மாமியையும் மச்சானையும் நல்ல சுகத்தோடு காண வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒரு குறையுமில்லை. சோறு நானே ஆக்குகிறேன். பருப்புத்தான் இன்னும் என் சொல்லுக் கேட்கிறதில்லை.

இங்கே ஒரு புதினம். வாசிகசாலைத் தலைவர் கண்ணப்பன் செட்டியார் போன கிழமை எங்கள் மருந்துச்சாலைக்கே வந்துவிட்டார். மலேரியா என்கிற நுளம்புக் காய்ச்சலைப் பற்றி நான் திரும்பவும் ஒருமுறை பேச வேண்டுமாம். ஜூன் முதலாந் திகதி, சனிக்கிழமை பின்னேரம். தை மாதம் நான் அங்கே நின்று முழித்ததை அவர் மறக்கவில்லை. ஆனாலும், 'நீங்க பேசினா ஜனங்க கேப்பாங்க' என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய ஊரில் பேசுவது என்றால் கதைப்பது. எங்களுடைய ஊரில் அது ஏசுவது; ஒருவர் பேசப் போகிறார் என்றால், 'ஐயோ, ஆருக்கு?' என்றல்லவா கேட்போம்!

சம்மதித்துவிட்டேன். கேகாலைப் பக்கத்திலிருந்து காய்ச்சலோடு வருகிற பிள்ளைகளை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். கொயினா மருந்து கலந்து கொடுத்தால் மட்டும் போதாது, அது எப்படி வருகிறது என்று சனங்களுக்குச் சொல்லவும் வேண்டும். சபைக்குக் காட்டுவதற்கு நுளம்புப் புழுக்களை ஒரு போத்தலில் விட்டு வைத்திருக்கிறேன். உம்முடைய ஊறுகாய்ப் போத்தல்தான். உம்முடைய தையல் மெசினுக்கு மேலேதான் இருக்கிறது. வாயைத் துணியால் கட்டியிருக்கிறேன். பிறகு சுடுதண்ணீரில் கழுவித் தருவேன், பேசாதேயும்.

முன்பெல்லாம் நான் வாசித்துப் பழகும்போது நீர் பாயில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டு கேட்பீர். நான் அவசரப்பட்டால் கை நின்றுவிடும், நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பீர். இப்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகுகிறேன். கண்ணாடி ஒன்றும் சொல்லுகிறதில்லை.

நேற்றுப் பின்னேரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். பேச்சில் ஓர் இடத்தில், ஒரு வீட்டுக்காரருக்குச் சொல்லுகிறதுபோல, 'இந்தத் தண்ணீரை ஏன் இன்னும் ஊற்றாமல் வைத்திருக்கிறீர்? எத்தனை தரம் சொல்லுவது?' என்று கேட்க வேண்டும். கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாந் தரம் சொல்லுவதற்குள் கதவு தட்டுப்பட்டது. பக்கத்து வீட்டு உம்மு குல்தூம் ராத்தா. கையில் ஒரு கோப்பை வட்டிலப்பம், முகமெல்லாம் சிரிப்பு. 'புள்ள வந்திட்டாவா? நீங்க ஏசுற சத்தம் கேட்டிச்சி, அதான் ஓடி வந்த' என்றா.

நீர் வரவில்லை என்றேன். அவவின் முகம் சுருங்கிப் போயிற்று. கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டா.

அருள்நாயகி, நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். நாலு வருஷமாக ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுஷி. நீர் இந்த வீட்டில் இருக்கிறீர் என்பதற்கு அவவுக்குத் தெரிந்த அடையாளம் என்னுடைய ஏச்சு மட்டுந்தான். உம்முடைய சிரிப்பு சுவர் தாண்டிப் போனதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

இனி மறைக்கப் போவதில்லை. தை மாதம் சபையில் பக்கங்கள் மாறிப்போய், புழுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவன் திடீரென்று கொயினாவுக்குத் தாவி, சனமெல்லாம் சிரித்ததே. வீட்டுக்கு வந்து, நீர் பக்கங்களை மாற்றி அடுக்கிவிட்டீர் என்று கதவு திறந்திருக்க உமக்குப் பேசினேனே. நீர் ஒழுங்காகத்தான் அடுக்கித் தந்தீர். போகும்போது திறாம் வண்டியில் காற்றுக்குக் கடதாசியெல்லாம் கீழே விழுந்தன. பொறுக்கி அடுக்கியவன் நான். உமக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே அது எனக்குத் தெரியும். நீர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தங்கச்சியின் கலியாணத்துக்கு என்று ஊருக்குப் போனீர். கலியாணம் முடிந்து மூன்று மாதமாகிறது. மூன்று கடிதம் எழுதினேன். 'சுகமாயிருக்கிறா' என்று மச்சானிடமிருந்து ஒரு தபாலட்டை மட்டும் வந்தது.

முதலாந் திகதி பேச எழும்பியவுடன் இதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன், போனமுறை பிழை என்னுடையது என்று. உம்மு குல்தூம் ராத்தாவும் வருகிறா. பெண்கள் இருக்க முன்வரிசையில் ஒரு வாங்கு போடச் செட்டியாரிடம் கேட்டிருக்கிறேன்.

உமக்கு மனம் இருந்தால் அதற்கு முன் மெயில் வண்டியில் வாரும். வருகிற நாளை எழுதினீர் என்றால் கோட்டை ஸ்டேசனில் வந்து நிற்பேன். மனம் இல்லையென்றால் அதையும் எழுதும். மச்சானின் கையால் வேண்டாம், உம்முடைய கையால் எழுதும்.

எங்கே இருந்தாலும் நீர் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். ஆனால் வாரும், அருள்நாயகி. பழைய கணக்கெல்லாம் மனதில் வைத்துக்கொண்டே வாரும். வந்து, அடுத்த வீட்டுக்குக் கேட்கக்கூடியதாக, எனக்குப் பேசும்.

இப்படிக்கு,
கேட்டுக்கொண்டிருக்கும்,
உம்முடைய
விசுவலிங்கம்